அறங்காவலரின் சொந்தச் சேகரிப்பு ‘சிறப்புத் திட்டமாக’ வரும்போது இடையில் நிற்கும் அலுவலர் என்ன செய்வது?

கேள்வி (பதிவுப் பிரிவிலிருந்து வந்தவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு கலை அருங்காட்சியகத்தின் பதிவுப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரவல் ஒப்பந்தம், காப்பீடு, பெட்டி கட்டுவது, நிலை அறிக்கை எழுதுவது என்று படைப்புகளோடு இருந்த என்னை நான்கு மாதங்களுக்கு முன் இயக்குநர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். புதிய பொறுப்பின் பெயர் ‘அறங்காவலர் குழுத் தொடர்பும் சிறப்புத் திட்டங்களும்’. முதல் பாதி ஓரளவு புரிகிறது: கூட்டத் தேதி குறிப்பது, நிகழ்ச்சி நிரலும் இணைப்புகளும் அனுப்புவது, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, நிதி, சேர்ப்பு, நியமனம் ஆகிய துணைக் குழுக்களை உரிய காலத்தில் கூட்டுவது. இரண்டாம் பாதி என்னவென்று கேட்டால், ‘எந்தப் பிரிவிலும் அடங்காதவை எல்லாம் உங்களிடம் வரும்’ என்றார் இயக்குநர். உண்மையாகவே எல்லாம் வருகின்றன.

சென்ற மாதம் அறங்காவலர் ஒருவர் என்னை நேரடியாகக் கைப்பேசியில் அழைத்தார். அவரிடம் தாளில் தீட்டிய ஓவியங்களும் கோட்டோவியங்களுமாக நாற்பதுக்கு மேற்பட்ட படைப்புகள் உள்ளன. அடுத்த ஆண்டு விழாவை ஒட்டி அவற்றை நுழைவு மண்டபத்தில் ஓராண்டுக்கு வைக்கலாம் என்றும், அதைச் சிறப்புத் திட்டமாக எடுத்துக்கொண்டால் காட்சிக் குழுவின் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். செலவில் பாதியைத் தாமே தருவதாகவும் சொன்னார். பேச்சின் முடிவில், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் தமக்கு ஒருமுறை காட்ட முடியுமா என்று இயல்பாகக் கேட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக நான் நினைக்கவில்லை. பல ஆண்டுகளாக இந்த நிறுவனத்துக்கு உதவியவர், பதிவுப் பிரிவில் இருந்த காலத்திலேயே என் பெயரைச் சொல்லி அழைத்தவர். நானோ ‘பார்க்கிறேன், ஐயா’ என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார் என்பது, இரண்டு நாள் கழித்து நிதிக் குழுவின் தலைவர் என்னிடம் ‘மண்டபத்தில் காட்சி வைக்கப் போகிறோமாமே?’ என்று கேட்டபோதுதான் தெரிந்தது. இயக்குநரிடம் சொன்னேன். ‘பக்குவமாகக் கையாளுங்கள்’ என்றார். படைப்புகளையும் காட்சிகளையும் பொறுப்பேற்றுப் பார்க்கும் காப்பாட்சியர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

என் கேள்விகள் இவை. தனியொரு அறங்காவலர் கேட்பதை ஊழியராகிய நான் எந்த அளவுக்கு ஏற்க வேண்டும்? அவருடைய சேகரிப்பையே காட்சிப்படுத்துவது எங்கேனும் முறையாக நடந்திருக்கிறதா, நடந்தால் எப்படி? சிறப்புத் திட்டம் என்ற பெயரில் வருவனவற்றுக்கு எங்கே வேலி போடுவது?


பதில் (இயக்குநர் அலுவலகங்களில் நீண்ட காலம் இருந்தவர்)

முதலில் ‘பார்க்கிறேன்’ என்ற சொல்லைப் பற்றி. இந்த வேலையில் அதைவிட ஆபத்தான சொல் இல்லை. மறுக்க விரும்பாதவர் அதை மரியாதையாகச் சொல்கிறார், கேட்பவர் அதைப் பாதி உறுதிமொழியாக எடுத்துச் செல்கிறார். அதற்குப் பதிலாக, ‘இதை இன்றே இயக்குநரிடம் எழுதித் தருகிறேன், அவரிடமிருந்து உங்களுக்குப் பதில் வரும்’ என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அது மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை, ஆனால் விஷயம் எந்த வழியாகப் போகும் என்பதை அவருக்குத் தெளிவாக்கிவிடுகிறது. அன்றைக்கே நான்கு வரியில் இயக்குநருக்குக் குறிப்பு எழுதுங்கள்: யார், எப்போது, எதைக் கேட்டார், நான் என்ன சொன்னேன். ஆறு மாதம் கழித்து, யார் யாரிடம் என்ன சொன்னார் என்ற பேச்சு எழும்போது அந்த நான்கு வரிகள் உங்களைக் காக்கும்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. அதிகாரம் அறங்காவலர் குழுவுக்கு உண்டு, தனி அறங்காவலருக்கு இல்லை. முறையாக அழைக்கப்பட்ட கூட்டத்தில், போதிய எண்ணிக்கையினர் இருந்து, தீர்மானம் நிறைவேற்றும்போதுதான் குழு பேசுகிறது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் அருங்காட்சியகத்தின் மேல் அக்கறை கொண்ட தனிமனிதரே. குழு தனக்கென நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஊழியர் பெரும்பாலும் ஒருவர்தான், அவர் இயக்குநர். மற்ற ஊழியர் எல்லோரும் இயக்குநருக்குக் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் குழுவுக்காக வேலை செய்தாலும் குழுவினருக்குக் கீழே வேலை செய்யவில்லை. இந்த நுட்பமான வேறுபாட்டைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை, நடந்துகொள்ளும் முறையில் காட்டினால் போதும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டிப் பார்க்கும் உரிமை குழுத் தலைவருக்கு உண்டு, ஏனென்றால் இயக்குநரும் அவரும் சேர்ந்துதான் அதை அமைக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரே நாளில், ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒருவருக்கு முன்னால் காட்டினால், அடுத்த கூட்டத்தில் அவர் தயாராக வருவார், மற்றவர்கள் ஏமாந்தவர்களாக உணர்வார்கள், அந்தக் கசப்பு உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் கனமாகிறது. அறங்காவலரின் சேகரிப்பைக் காட்டவே கூடாது என்று யாரும் சொல்வதில்லை. நல்ல சேகரிப்பாளர்களை அறங்காவலராக அழைப்பதே, என்றாவது அந்தப் படைப்புகள் பொதுமக்கள் கண்ணில் படும், ஒருவேளை நிறுவனத்துக்கே வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான். சிக்கல் எங்கே என்றால், அருங்காட்சியகச் சுவரில் தொங்கிய படைப்புக்குச் சந்தையில் மதிப்பு ஏறுகிறது. அந்த ஏற்றம் காட்சிக்கு ஒப்புதல் அளித்தவரின் சட்டைப்பைக்கே போனால், பார்வையாளர் என்ன நினைப்பார்?

இரண்டு நிகழ்வுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1999-ல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நடந்த ‘சென்சேஷன்’ காட்சி ஒரு மாதா ஓவியத்தை ஒட்டிய அரசியல் சச்சரவுக்காகத்தான் பலருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் துறைக்குள் அதைவிட அதிகம் பேசப்பட்டது வேறொன்று: காட்சியில் இருந்தவை அனைத்தும் சார்லஸ் சாட்சி என்ற ஒரே சேகரிப்பாளருடையவை, அந்தக் காட்சிக்கு அவரே பணமும் கொடுத்திருந்தார், அது தொடக்கத்தில் வெளியில் சொல்லப்படவில்லை. அதன்பின் 2000-ல் அமெரிக்க அருங்காட்சியகச் சங்கம் இரவல் பொருள்களைக் காட்சிப்படுத்துவதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் உரிமையை அருங்காட்சியகம் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும், இரவல் தருபவர் பணமும் தந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பன அவற்றின் சாரம். இரண்டாவது நிகழ்வு, 2010-ல் நியூயார்க்கின் நியூ மியூசியம் தன் அறங்காவலர்களில் ஒருவரான டாக்கிஸ் ஜோவானுவின் சேகரிப்பை முழுக் காட்சியாக வைத்தது. தொகுத்தவர் கலைஞர் ஜெஃப் கூன்ஸ், அவருடைய படைப்புகளையே ஜோவானு நெடுங்காலமாகச் சேகரித்து வந்தார். இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் கடும் விமர்சனம் வந்தது. வெளிப்படைத்தன்மை அவசியம் என்பதை முதல் நிகழ்வும், அது மட்டும் போதாது என்பதை இரண்டாவதும் காட்டுகின்றன.

ஆகவே வரிசை முக்கியம். படைப்புகளைக் காப்பாட்சியர் முதலில் பார்க்க வேண்டும். ‘அவை வேறொருவருடையவையாக இருந்தால் இந்தக் காட்சியை நாம் செய்வோமா?’ என்ற கேள்விக்கு அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் ‘இல்லை’ என்றால் கதை அங்கேயே முடிகிறது, இயக்குநர் நேரில் சென்று அதைச் சொல்வார். ‘ஆம்’ என்றால் காட்சிக் குழு, பிறகு அறங்காவலர் குழு. குழுவில் விஷயம் வரும்போது அந்த அறங்காவலர் தம் நல முரணை, அதாவது சொந்த நலனும் நிறுவனத்தின் நலனும் மோதுவதை, அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். அமைதியாக உட்கார்ந்திருப்பது போதாது, உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அவர் வெளியேறிய நேரமும் திரும்பி வந்த நேரமும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். இரவல் ஒப்பந்தத்தில், காட்சி நடக்கும்போதும் முடிந்தபின் குறிப்பிட்ட காலம் வரையும் அவற்றை விற்பதில்லை என்ற உறுதி இருக்கட்டும். படைப்பின் வரலாற்று ஆவணங்களை, அதாவது அது யார் யார் கைமாறி வந்தது என்பதற்கான சான்றுகளை, மற்ற இரவலாளர்களிடம் கேட்பது போலவே அவரிடமும் கேளுங்கள். பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவையின் நெறிமுறைத் தொகுப்பும், தனிநபருக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே நல முரண் எழுந்தால் அருங்காட்சியகத்தின் நலனே மேலோங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இதைச் சுட்டிக்காட்டினால், ‘என்னை நம்பவில்லையா?’ என்ற கேள்வி தனிப்பட்டதாக மாறாமல் தடுக்கலாம்.

பாதிச் செலவு தருகிறேன் என்றதைப் பற்றியும் ஒரு சொல். எதில் பாதி? படைப்புகளை எடுத்துவரவும் சட்டமிடவும் ஆகும் செலவை எல்லோரும் கணக்கிடுவார்கள். அவர் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தது முதல் அதே சுவரில் திரும்ப மாட்டும் வரையிலான காப்பீடு, கூடுதல் காவல், விளக்க அட்டைகள், பதிவுப் பிரிவு இதற்காக ஒதுக்கும் வாரங்கள், இதனால் தள்ளிப்போகும் வேறொரு காட்சி, இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பதிவுப் பிரிவிலிருந்து வந்தவர் என்பதால் இந்தப் பட்டியலை உங்களைவிட நன்றாக எழுத அந்த அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.


பதில் (காப்பாட்சியர்)

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்பாட்சியர்களுக்கு இன்னும் சொல்லவில்லை என்ற வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நிதிக் குழுத் தலைவருக்குத் தெரிந்த செய்தி, அந்தச் சுவருக்குப் பொறுப்பானவருக்குத் தெரியவில்லை. நாளைக் காலை முதல் வேலையாக அவரிடம் சொல்லுங்கள், இயக்குநரின் அனுமதியோடு, நேரில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாளில் செய்த படைப்புகளை நுழைவு மண்டபத்தில் ஓராண்டு வைப்பதா? இப்படிப்பட்டவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வழக்கமான வரம்பு, அதுவும் சில மாதங்களுக்குப் பிறகு இருட்டில் ஓய்வு கொடுப்போம். பகல் வெளிச்சம் விழும் மண்டபத்தில் கண்ணாடிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஈரப்பதமும் மாறும். சாயம் வெளிறினால் திரும்ப வராது. இதை அவரிடம் சொல்வது மறுப்பதற்கான சாக்கு ஆகாது, அவருடைய சொத்தின் மேல் நமக்குள்ள அக்கறை அது. சேகரிப்பாளர்கள் இதைப் பெரும்பாலும் உடனே புரிந்துகொள்வார்கள். நுழைவு மண்டபம் என்ற யோசனை இதோடு முடிந்துபோகலாம், உரிய அரங்கில் மூன்று மாதம் என்ற பேச்சு அதன் பிறகு தொடங்கலாம்.


பதில் (ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் முன்னாள் அறங்காவலர்)

மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். மேலே சொல்லப்பட்ட விதிகள் சரியானவையே. ஆனால் அறங்காவலர்கள் ஏன் ஊழியர்களை நேரடியாக அழைக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நான் ஆறு ஆண்டுகள் அத்தகைய குழுவில் இருந்தேன். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக ஏறக்குறைய 200 பக்கங்கள் வரும். அதில் எது முடிவெடுக்க வேண்டியது, எது தகவலுக்காக மட்டும் என்று எங்கும் எழுதியிருக்காது. கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் அதே பக்கங்களைத் திரையில் காட்டி வாசிப்பார். கேள்வி கேட்க எட்டு நிமிடம் மிஞ்சும். முக்கியமான செய்திகள் சிலவற்றை நாளிதழில் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர் ஒருநாள் தொலைபேசியை எடுக்கத்தான் செய்வார், எனக்கும் அந்தப் பழக்கம் வந்தது. பிறகு புதிதாக வந்த ஓர் அலுவலர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னால் ஒரு பக்கம்: எந்த முடிவு கேட்கப்படுகிறது, என்ன பின்னணி, எவ்வளவு செலவு, வேண்டாமென்றால் என்ன நடக்கும். பத்து நாள் முன்னதாக அனுப்பினார். இரண்டு கூட்டங்களுக்கு இடையில், மாதம் ஒருமுறை, எல்லோருக்கும் ஒரே மாதிரியான அரைப்பக்கக் கடிதம் இயக்குநரின் பெயரில் வந்தது, அதில் கெட்ட செய்தியும் இருந்தது. நேரடி அழைப்புகள் தாமாகவே குறைந்தன.

இன்னொன்று, எங்களைச் சேமிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐந்து ஆண்டுகள் ‘சேர்ப்புகளின் பராமரிப்பு’ என்ற தலைப்பில் பணம் ஒதுக்கி வாக்களித்த நான், ஒரு நாள் மாலை இழுப்பறையைத் திறந்து அமிலமற்ற தாளுக்கு நடுவே படுத்திருந்த ஒரு கோட்டோவியத்தைப் பார்த்த பிறகுதான் எதற்குப் பணம் கொடுத்தேன் என்று அறிந்தேன். உங்கள் அறங்காவலர் ஒரு சேகரிப்பாளர். அவரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று தாளை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று காட்டினால், நுழைவு மண்டபத்தைப் பற்றி அவரே மறுபடி யோசிப்பார்.

முதல் பதில் எழுதியவரோடு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. சேகரிப்பாளர்தான் நல முரணுக்கு உரியவர் என்பது போல அவர் எழுதியிருக்கிறார். பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவில் குறைந்தது மூன்று பேர் தொழில்முறைக் கலைஞர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கலைஞர்களின் படைப்புகளை வாங்கும் பேச்சு வந்தால் அவர்களுக்கும் அதே முரண்தான். கலைஞர், சேகரிப்பாளர், கலைக்கூட உரிமையாளரின் உறவினர், காப்பீட்டுத் துறையினர் என்று ஒரு நல்ல குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு விஷயத்தில் வெளியேற வேண்டியவரே. ஆண்டுதோறும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் அறிவிப்பு வாங்கி வைத்திருந்தால், வெளியேறுவது யார் மேலும் போடும் பழியாகத் தெரியாது.


கேட்டவர்

மூவருக்கும் நன்றி. காப்பாட்சியரிடம் இன்று காலை சொன்னேன். எதிர்பார்த்த அளவு கோபப்படவில்லை, ஆனால் ‘முதலில் என்னிடம் வந்திருக்கலாம்’ என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சேமிப்பறைக்கு அழைத்துச் செல்வது நல்ல யோசனை. ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சொல்லத் தோன்றுகிறது. பதிவுப் பிரிவில் இருந்தபோது ஒரு சேர்ப்புக் குழுக் கூட்டத்துக்கு, வாங்குவதற்காகப் பரிசீலித்த ஓவியம் ஒன்றைத் தாங்கியில் கொண்டுவந்து வைத்திருந்தோம். உறுப்பினர் ஒருவர் மூடி திறந்த பேனாவைக் கையில் பிடித்தபடி குனிந்து, ‘இந்த மூலையில் இருக்கும் பச்சையைப் பாருங்கள்’ என்று சுட்டிக்காட்டினார். பேனா முனைக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரற்கடைகூட இல்லை. நான் எழுந்து ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. என் கையிலிருந்த பென்சிலை அவரிடம் நீட்டி, ‘இதை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா’ என்றேன். வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து படைப்புகள் வரும் கூட்டங்களில் மேசைமேல் பென்சில் மட்டும்தான் வைக்கிறோம். இந்தப் புதிய வேலையில் நான் நிச்சயமாகக் கற்றிருந்த ஒன்று அது மட்டும்தான் என்று சில நாள் தோன்றுகிறது.

இதற்கிடையில் இன்னொரு சங்கடம். சென்ற கூட்டத்தில் கடுமையாகப் பேசிய ஒருவர், தம் சொற்களை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். அவை எழுதப்படவே வேண்டுமா? சிறப்புத் திட்டங்களுக்கு வேலி போடும் கேள்வியும் அப்படியே நிற்கிறது.


பதில் (குழுச் செயலராகவும் கட்டடத் திட்டத்திலும் பணிபுரிந்தவர்)

நடவடிக்கைக் குறிப்பில் முடிவுகள் இருக்க வேண்டும், உரையாடல் இருக்கத் தேவையில்லை. யார் வந்திருந்தார், எந்த ஆவணங்கள் முன்வைக்கப்பட்டன, எந்தெந்தக் கருத்துகள் பரிசீலிக்கப்பட்டன, என்ன தீர்மானம், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் விலகி இருந்தார், அடுத்த வேலை யாருடையது, எந்தத் தேதிக்குள். ‘இன்னார் சினத்தோடு கூறினார்’ என்று எழுதுவது அந்தக் குறிப்பின் வேலை அல்ல. ஆனால் ஒருவர் தம் எதிர்ப்பைப் பதிவு செய்யும்படி கூட்டத்திலேயே கேட்டிருந்தால் அதைத் தவிர்க்கவும் கூடாது. உங்கள் வரைவில் அவருடைய சொற்கள் சொல்லுக்குச் சொல் இருந்தால் அது உங்கள் வரைவின் குறை, எடுத்துவிடலாம். அவர் எழுப்பிய ஆட்சேபத்தின் பொருளையே எடுக்கச் சொன்னால், அதை அடுத்த கூட்டத்தில் குறிப்புக்கு ஒப்புதல் அளிக்கும்போது குழுவே தீர்மானிக்கட்டும். நீங்கள் தனியாக ஒருவருக்காகத் திருத்தாதீர்கள். குறிப்பு ஒப்புதல் பெற்ற பிறகு கைக்குறிப்புகளை வைத்திருப்பதா, அழிப்பதா என்பதற்கு ஒரே விதி இருக்கட்டும். சச்சரவு வந்த பிறகு புதிதாக அழிக்கத் தொடங்கினால் அது வேறு மாதிரி தோன்றும். வரைவை ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். மூன்றாம் வாரத்தில் நினைவு நமக்குச் சாதகமாகப் பேசத் தொடங்கும்.

சிறப்புத் திட்டங்களைப் பற்றி என் அனுபவம் கசப்பானது. யாரும் மறுக்கத் துணியாத யோசனைகளை நிறுத்திவைக்கும் கொட்டகையாக அந்தப் பெயர் ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரே நேரத்தில் ஒன்பது சிறப்புத் திட்டங்கள் இருந்தன. அவற்றில் நான்குக்கு முடிவுத் தேதி இல்லை, இரண்டை யார் தொடங்கினார் என்றே யாருக்கும் நினைவில்லை. ஆகவே ஒரு பக்கத்துக்கு மேல் போகாத திட்டச் சாசனம் இல்லாமல் எதையும் ஏற்காதீர்கள். அதில் ஒரு பொறுப்பாளர், அவர் ஏதாவது ஒரு பிரிவைச் சேர்ந்தவர், நீங்கள் அல்லர். ஒரு முடிவுத் தேதி. பணம் எங்கிருந்து வருகிறது, எந்த வழக்கமான வேலை இதற்காகத் தள்ளிப்போகிறது. வழக்கமான குழு எதையாவது இது தாண்டிச் செல்கிறதா, சென்றால் அதற்கு யார் ஒப்புக்கொண்டார். கடைசிக் கேள்விதான் உங்கள் விஷயத்தின் மையம். காட்சிக் குழுவைத் தவிர்ப்பதற்காகவே ஒன்றுக்குச் சிறப்புத் திட்டம் என்று பெயர் வைத்தால், அந்தச் சாசனத்தில் அந்த வரியை நேர்மையாக நிரப்ப யாராலும் முடியாது. நீங்கள் வாதாட வேண்டிய அவசியமே வராது.

கொடையாளரின் விருப்பம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே யோசியுங்கள். பாஸ்டனில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தை நிறுவியவர் 1924-ல் மறைந்தார். அரங்குகளில் தாம் அமைத்த வரிசையை மாற்றக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். 1990 மார்ச் 18 அன்று அங்கே 13 படைப்புகள் திருடு போயின, அவற்றில் சிலவற்றின் வெற்றுச் சட்டங்கள் இன்றும் அந்த இடங்களிலேயே தொங்குகின்றன. 2012-ல் புதிய கட்டடம் எழுப்பியபோதும் பழைய அரங்குகளைத் தொடாமல் பக்கத்தில்தான் கட்ட வேண்டியிருந்தது. ஒரு நபரின் ஒரு நிபந்தனை ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகு கட்டட வரைபடத்தைத் தீர்மானிக்கிறது. மறுபக்கத்தில், பெயர் சூட்டும் ஒப்பந்தங்கள். பாரிஸின் லூவர் 2019-லும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2021 டிசம்பரிலும் வலிநிவாரணி மருந்து விற்பனையால் பழிக்கு உள்ளான சாக்லர் குடும்பத்தின் பெயரைத் தம் அரங்குகளிலிருந்து நீக்கின. அந்தப் பெயர்களைச் சுவரில் பொறித்த நாளில், பின்னாளில் நீக்க நேரும் என்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? ஆகவே பெயர் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தச் சூழலில் நீக்கலாம் என்ற இரண்டு வரிகளையும் பணம் வாங்குவதற்கு முன்பே எழுதுங்கள். கொடை கைக்கு வந்த பிறகு கேட்டால் அது நன்றிகெட்ட செயலாகத் தெரியும்.

முன்னாள் அறங்காவலர் சொன்னதை நான் வழிமொழிகிறேன், ஒரு சேர்க்கையோடு. தகவல் போகாத குழு கடைசி நேரத்தில் வெடிக்கும். 2020-ல் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் வார்ஹால் உட்பட மூன்று கலைஞர்களின் படைப்புகளை விற்க முடிவெடுத்தது. முன்னாள் அறங்காவலர்களும் மற்றவர்களும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அக்டோபர் 28 அன்று, ஏலத்துக்குச் சில மணி நேரம் இருக்கும்போது விற்பனை நிறுத்தப்பட்டது. விற்க முடிவெடுத்தது சரியா, தவறா என்பது வேறு விவாதம். குழுவில் இன்று இருப்பவர்களோடு மட்டும் உறவு வைத்தால் போதாது, பதவிக்காலம் முடிந்து போனவர்களின் பெயர்ப் பட்டியலும் உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.


கேட்டவர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இயக்குநரும் காப்பாட்சியரும் சேர்ந்து அந்த அறங்காவலரைச் சந்தித்தார்கள். நான் போகவில்லை, போக வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். முந்தைய நாள் ஒரு பக்கச் சாசனத்தின் வெற்றுப் படிவத்தை இருவருக்கும் கொடுத்திருந்தேன். நுழைவு மண்டபம் 50 லக்ஸ் என்ற எண்ணைக் கேட்டதுமே கைவிடப்பட்டதாம். காட்சிக் குழுவின் வரிசையில் காத்திருக்க அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் படைப்புகளின் வரலாற்று ஆவணங்களைக் கேட்டபோது சற்று நேரம் ஒன்றும் பேசவில்லையாம். 12 படைப்புகளுக்கு மட்டும் ஆவணம் வந்திருக்கிறது. அவற்றைக் காப்பாட்சியர் அடுத்த வாரம் அவர் வீட்டிலேயே போய்ப் பார்க்கிறார், உடன் பதிவுப் பிரிவிலிருந்து ஒருவர் நிலை அறிக்கை எழுதப் போகிறார்.

அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் நேற்று காலை 10 மணிக்கு எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலில் போனது. பத்தே நிமிடத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நிரலில் தம் சேகரிப்பு ஏன் இல்லை என்று கேட்பார் என்று எண்ணி எடுத்தேன். அவர் கேட்டது வேறு: ‘அறையை விட்டு வெளியே போக வேண்டிய நாள் வரும்போது முன்கூட்டிச் சொல்லிவிடம்மா, வெளியே உட்கார ஒரு நாற்காலி போட்டு வை.’

இன்றே இயக்குநருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். சிரித்தார்.